கைதட்டலுக்குப் பிறகு மூன்று நிமிடம்

அன்பு வாசகர்களுக்கு,



சாம்பாரில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நம் வீடுகளில் யாரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதில்லை. "பருப்பு இன்னும் கொஞ்சம் குழைஞ்சிருக்கலாம்", "பெருங்காயம் போட மறந்துட்டியா?" என்று இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுகிறோம். சமைத்தவர் முகம் ஒரு நொடி சுருங்கும். மறுநாள் சாம்பார் சரியாகிவிடும். இதே நாம், ஒரு விழாவில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வருபவரிடம் என்ன சொல்கிறோம்? "பிரமாதம் சார், அருமையா பேசினீங்க." பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒரு புகைப்படம். பிறகு வாசலில் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, "ரொம்ப இழுத்துட்டார் இல்ல?" என்கிறோம். அந்தச் சொல் பேசியவரின் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. அடுத்த மாதம் அடுத்த ஊரில் அதே முக்கால் மணி நேரம், அதே இழுவை.

பேச்சுக்குப் பேர்போன நாடு நம்முடையது. மேடைப் பேச்சால் அரசியல் வளர்த்தோம். பட்டிமன்றத்தைப் பண்டிகைப் பலகாரங்களோடு சேர்த்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி இல்லாத ஆண்டு விழா கிடையாது. ஆனால் அந்தப் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்ட உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: பரிசு கிடைத்ததா இல்லையா என்று சொல்லும், ஏன் கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று அதற்குத் தெரியாது. நடுவர்கள் மதிப்பெண் போட்ட தாள் அவர்களோடு போய்விடுகிறது.

இந்தக் குறையை யோசித்து, அதற்கென்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டவர்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேச விரும்புகிறேன். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஆங்கிலம் பழகப் போகும் இடம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் இருக்கின்றன. சென்னையில் மட்டுமல்ல, சிங்கப்பூர், இலங்கை, அமெரிக்கா என்று தமிழர் வாழும் நாடுகளிலும் நடக்கின்றன. நம் வாசகர் ஒருவர் "ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துதான் பாருங்களேன்" என்று அழைத்தார். போனேன். பிடித்துப்போய் மேலும் சில கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒரு பள்ளியின் வகுப்பறை. இருபது பேர் இருக்கலாம். வங்கி ஊழியர், தையற்கடை நடத்தும் அம்மா, கல்லூரி மாணவிகள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மருந்துக்கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞர். ஒவ்வொரு நாற்காலியிலும் நிகழ்ச்சி நிரல் ஒரு தாளில். அதில் யார் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்கு உட்கார வேண்டும் என்பது வரை அச்சாகியிருக்கிறது. சிறப்பு விருந்தினர் வர வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. வந்திருப்பவர்களே பேச்சாளர்கள், வந்திருப்பவர்களே நடுவர்கள், முடிந்ததும் நாற்காலி அடுக்குபவர்களும் அவர்களே.

ஆளுக்கொரு வேலை. ஒருவர் கூட்டத்தை நடத்துகிறார். ஒருவர் கையில் நிறுத்துக் கடிகாரம். வழக்கமான பேச்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடம் பச்சை அட்டை, ஆறாவது நிமிடம் மஞ்சள், ஏழாவது நிமிடம் சிவப்பு. அதற்குப் பிறகு முப்பது விநாடி சலுகை. போட்டி என்றால் அந்த முப்பது விநாடியையும் தாண்டியவர் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் போட்டியிலிருந்து வெளியே. நம் விழாக்களில், பேசுபவரின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கப்படும், அவர் அதைப் படித்துவிட்டு, "நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது, இருந்தாலும்..." என்று அதையே ஒரு நகைச்சுவையாக்கி மேலும் கால் மணி நேரம் ஓட்டுவார். இங்கே சிவப்பு அட்டையைப் பார்த்ததும் வங்கி ஊழியர் நடுவாக்கியத்தில் தடுமாறி, விழுங்கி, முடித்துவிட்டு உட்கார்ந்தார். "விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெருமக்களே" என்று தொடங்கி ஒவ்வொருவரையும் விளித்து முடிக்கவே இரண்டு நிமிடம் எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? ஏழு நிமிடத்தில் இரண்டு போனால் என்ன ஆகும் என்று ஒருமுறை பட்டவர்கள் மறுமுறை அப்படித் தொடங்குவதில்லை.

இன்னொருவருடைய வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேசுபவர்கள் இட்டு நிரப்பும் சொற்களை எண்ணுவது. ஆங்கில மன்றங்களில் 'ஆ', 'அம்' என்ற ஒலிகளை எண்ணுவார்கள். தமிழில் நம்மிடம் இருக்கும் செல்வத்துக்கு அது போதுமா? 'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா', 'என்ன சொல்ல வரேன்னா', 'ஆக்சுவலி', 'சோ' எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார் ஒரு மாணவி. கடைசியில் எழுந்து, யார் யார் எதை எத்தனை முறை சொன்னார்கள் என்று வாசித்தார். சிரிப்பு அடங்கவே நேரமானது. தையற்கடை அம்மா, "நான் 'வந்து'ன்னு சொல்றேன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். அதுதான் விஷயம். நம் பேச்சை நாம் கேட்பதில்லை. வேறொருவர் கேட்டுச் சொன்னால்தான் உண்டு.

இதில் எனக்கு ஒரு சின்னத் தயக்கமும் உண்டு; அதைச் சொல்லிவிடுகிறேன். 'வந்து'வை எண்ணி எண்ணிப் பயமுறுத்தினால் பேச்சு புத்தகம் போல ஆகிவிடும். திண்ணையில் உட்கார்ந்து பேசுபவரின் 'அதாவது'வில் ஓர் அழகு இருக்கிறது. யோசிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு நொடியை ஒலியால் நிரப்பாமல் மௌனமாக விட்டால் போதும். பேச்சின் மண்வாசனையைத் துடைத்துவிட வேண்டியதில்லை. அந்த மன்றத்தின் மூத்த உறுப்பினரிடம் இதைச் சொன்னேன். "அதனால்தான் நாங்கள் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறோம், தீர்ப்பு சொல்வதில்லை" என்றார். நல்ல பதில்.

பிறகு முன்தயாரிப்பு இல்லாமல் பேசும் பகுதி. தலைப்பு கையில் கிடைத்த கணமே எழுந்து ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். அன்று வந்த தலைப்புகளில் ஒன்று: உங்கள் வீட்டு மொய் நோட்டுக்கு வாய் இருந்தால் என்ன பேசும்? பெயர் அழைக்கப்பட்டவர் புதிதாக வந்த ஓர் இல்லத்தரசி. "ஐயோ, எனக்குப் பேச வராது" என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்தார். அரை நிமிடம் திணறினார். பிறகு தன் கல்யாணத்தில் ஐந்து ரூபாய் எழுதிய பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பாட்டி வீட்டு விசேஷம் எதற்கும் திருப்பிச் செய்யும் வாய்ப்பு வரவில்லையாம். அந்த வரி மட்டும் நோட்டில் அடிக்கப்படாமலே இருக்கிறதாம். பச்சை அட்டை, மஞ்சள் அட்டை எதையும் அவர் பார்க்கவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்தபோது, பேச வராது என்று சொன்னவர் அவர்தானா என்று அறையே திரும்பிப் பார்த்தது.

ஆனால் இவையெல்லாம் முன்னுரை. நான் சொல்ல வந்தது அதன்பிறகு நடப்பதைப் பற்றி.

தயாரித்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவரும் ஓர் உறுப்பினர்தான். போன வாரம் அவர் பேசியிருப்பார், அடுத்த வாரம் மறுபடி பேசுவார். அவருக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம். அவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு உண்டு. அந்த நேரத்துக்குள் அவர் எழுந்து, எல்லோர் முன்னிலையிலும், பேசியவரைப் பார்த்து, அந்தப் பேச்சு தனக்குள் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை இளைஞருக்கு அன்று முதல் பேச்சு. புதியவர்கள் முதலில் தங்களைப் பற்றித்தான் பேச வேண்டும். நான்கிலிருந்து ஆறு நிமிடம். பிறந்த ஊர், படித்த பள்ளி, டிப்ளமோ, வேலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. பாதிக்கு மேல், கடைக்கு வரும் ஒரு வயதான அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. தீர்ந்துபோன வெறும் அட்டையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, "இதே மாதிரி பத்து குடு தம்பி" என்பாராம். ஒருநாள் கொண்டுவந்தது அவருடைய அட்டை இல்லை, மாதங்களுக்கு முன் இறந்துபோன கணவருடையது. அதைக் கண்டுபிடித்துத் தடுத்ததைச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் கைதட்டினோம். நம் வழக்கமான மேடையாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

மதிப்பிட எழுந்தவர் தையற்கடை அம்மா. அவர் சொன்னதை நினைவிலிருந்து தருகிறேன். "தம்பி, முதல் ரெண்டு நிமிஷம் நீங்க சொன்னது எனக்கு எதுவும் மனசுல நிக்கலை. எந்த ஸ்கூல்னு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அந்த அம்மா வெறும் அட்டையைக் கொண்டாந்து வெச்சாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் உங்க கை முதுகுலேர்ந்து முன்னாடி வந்துச்சு. அட்டையை வெக்கிற மாதிரியே செஞ்சு காமிச்சீங்க. நீங்க செஞ்சது உங்களுக்கே தெரியாதுன்னு நெனைக்கிறேன். அந்தக் கை வந்த இடத்துலேர்ந்து பேச்சை ஆரம்பிச்சிருந்தீங்கன்னா, நீங்க யாருன்னு எனக்கு முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சிருக்கும். அடுத்த தடவை அங்கேர்ந்து ஆரம்பிச்சுப் பாருங்க."

அவருக்குப் பேச்சுக்கலை பற்றிய புத்தகம் எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: நான்கைந்து நிமிடம் அந்தப் பையனைத் தவிர வேறெதையும் கவனிக்காமல் இருந்தார். கை எப்போது பின்னால் இருந்தது, எப்போது முன்னால் வந்தது என்பதைப் பார்த்தார். தன் மனம் எந்த இடத்தில் அலைந்தது, எந்த இடத்தில் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தார். இளைஞரின் முகத்தைப் பார்த்தேன். 'அருமை' என்று இருபது பேர் சொன்னால்கூட அந்த வெளிச்சம் வந்திருக்காது. தன்னை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டார் என்பது புகழைவிடப் பெரிய மரியாதை.

அன்று இன்னொரு காட்சி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் தன் முதல் வகுப்பறையைப் பற்றிப் பேசினார். தமிழ் சுத்தம், குரல் கணீர். அவரை மதிப்பிட எழுந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். நம் பண்பாட்டில் இது எளிதான காரியமில்லை. பெரியவர்கள் சின்னவர்களைத் திருத்துவார்கள். சின்னவர்கள் பெரியவர்களைத் திருத்துவது அதிகப்பிரசங்கித்தனம். அந்தப் பெண் பணிவாகத்தான் தொடங்கினார். "ஐயா, உங்கள் பேச்சு மூன்று முறை முடிந்தது. முதல் முறை முடிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவது முறை முடிந்தபோது கைதட்டத் தயாரானேன். மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்." அறையில் ஒரு கணம் மூச்சுச் சத்தம் இல்லை. தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "குறிச்சுக்கிட்டேன்மா" என்றார். பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள், அவரையும் சேர்த்து.

எது இதைச் சாத்தியமாக்கியது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் துணிச்சல் மட்டுமல்ல. நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு எதிரே 'மதிப்பீட்டாளர்' என்று அச்சாகியிருக்கிறது. அவர் சொல்வது அந்தப் பொறுப்பு சொல்வது. அடுத்த வாரம் அதே இடத்தில் தலைமையாசிரியர் நிற்பார், இவர் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். வயது, படிப்பு, பதவி எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்கு ஓரமாக வைத்துவிடும் சுழற்சி அது. வேடிக்கை என்னவென்றால், மதிப்பிட்டவரையும் மதிப்பிட ஒருவர் உண்டு. பொது மதிப்பீட்டாளர் கடைசியாக எழுந்து அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் கவனித்தது சரி. ஆனால் அந்த மூன்று முடிவுகளில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். அதையும் சொல்லியிருந்தால் அவருக்குக் கூடுதலாக உதவியிருக்கும்." இப்போது பேனாவை எடுத்தது அந்தப் பெண்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ரால்ஃப் ஸ்மெட்லி. 1903இல் கல்லூரிப் படிப்பை முடித்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் புளூமிங்டன் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பொறுப்பாளராகச் சேர்ந்தவர். அங்கு வரும் பையன்களுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசவும் கூட்டத்தை நடத்தவும் தெரியவில்லை என்று கண்டு, 1905இல் ஒரு குழுவைத் தொடங்கினார். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும் அது மெல்ல அணைந்துபோயிற்று. போன ஊர்களிலும் முயன்றார். அங்கும் அவர் கிளம்பியதும் நின்றது. கடைசியில் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் 1924 அக்டோபர் 22 அன்று கூட்டிய கூட்டம்தான் நிலைத்தது. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் மன்றங்கள் இருக்கின்றன. சம்பளத்துக்கு ஆசிரியர் கிடையாது, பாடம் நடத்துபவர் கிடையாது; உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுச் சொல்லியே கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லோருக்கும் கதவு உடனே திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க அந்த அமைப்புக்கு 1973 வரை ஆயிற்று. அதற்கு முன்பே, 1970இல், ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண்மணி 'ஹோமர்' என்ற ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டு ஒரு மன்றத்தில் சேர்ந்தார். அதே ஹெலன் 1985இல் அந்த உலக அமைப்பின் முதல் பெண் தலைவரானார். பேசும் உரிமைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர், பிறகு தன் சொந்தப் பெயரில் அந்த மேடைக்கே தலைமை தாங்கினார்.

பேசக் கற்றவர்களில் திக்குவாயோடு வளர்ந்தவர்களும் உண்டு. சவூதி அரேபியாவின் முகமது கஹ்தானி அப்படி வளர்ந்தவர்தான். 2015இல் அந்த அமைப்பு நடத்தும் உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு வென்றவர் இலங்கையின் தனஞ்ஜய ஹெட்டியாராச்சி. இப்படிப்பட்டவர்களின் வெற்றியைப் பார்த்து நாம் வியக்கிறோம். அந்த வெற்றிக்கு முன்னால், ஊர்ப் பெயர் தெரியாத ஏதோ ஓர் அறையில், யாரோ ஒருவர் எழுந்து, "அந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று அவர்களிடம் சொல்லிய வாரங்கள் இருக்கும். நான் நினைத்துப் பார்ப்பது அந்த யாரோ ஒருவரைத்தான்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். வள்ளுவர் பொருட்பாலில், அமைச்சரைப் பற்றிப் பேசும் இடத்தில், சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். பிறகு அவையறிதல், அதை அடுத்து அவையஞ்சாமை. வரிசையைக் கவனியுங்கள். முதலில் எதிரே இருப்பவர்களை அறிவது. அதன்பிறகுதான் அஞ்சாமல் நிற்பது. நம் பயிற்சி வகுப்புகள் 'மேடைக் கூச்சத்தைப் போக்குவோம்' என்று பின்னதிலிருந்து தொடங்குகின்றன. கூச்சம் போய்விட்டால் மட்டும் போதாது என்பதற்கு, கூச்சமே இல்லாமல் நம்மை வதைக்கும் பேச்சாளர்கள் ஊருக்கு ஊர் சாட்சி. கேட்பவர் மனதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழி பேச்சாளருக்கு வேண்டும். மதிப்பீடு அந்த வழி.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்சிவல் பாதிரியாரிடம் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியாக இருந்தவர். பாதிரிமாரின் பிரசங்கம் கேட்பவர்களிடம் எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பிறகு வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினார்கள். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசக் கேட்டுத்தான் 'நாவலர்' என்ற பட்டம் அளித்தார்கள். எனக்கு இதில் பிடித்தது பட்டத்தைவிட அந்த வெள்ளிக்கிழமைகள். ஒருநாள் பேசிவிட்டுப் போகாமல், அதே இடத்தில், அதே ஊராரின் முன்னால், மறுபடி மறுபடி நின்றது. போன வாரம் கேட்டவர்கள் இந்த வாரமும் வந்தார்களா என்பதே ஒரு மதிப்பீடுதானே.

சரி, நல்ல மதிப்பீடு என்பது என்ன? மன்றத்தில் பார்த்ததையும், பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும் என் பிழைப்பையும் சேர்த்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பேசுவதற்கு முன்பே பேசப் போகிறவரிடம் கேட்டுவிட வேண்டும்: எதை நான் கவனிக்கட்டும்? குரலா, கதையின் ஓட்டமா, முடிவா? மன்றத்தில் மதிப்பீட்டாளர்கள் இதைக் கேட்காமல் உட்காருவதில்லை. பேசுபவர் கேட்டுக்கொண்டதைப் பற்றிச் சொன்னால் அவர் காது திறந்திருக்கும்.

இரண்டாவது, இடத்தைச் சுட்டிச் சொல்வது. 'நன்றாக இருந்தது' என்பதால் யாருக்கும் பயனில்லை. 'அட்டையை வைத்த இடம்' என்றால் பயன் உண்டு. குறைக்கு மட்டுமல்ல, பாராட்டுக்கும் இது பொருந்தும். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று ஒரு வாய்ப்பாடு இந்த மன்றங்களில் புழங்குகிறது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் சில கூட்டங்களில் அது சடங்காகிவிடுவதையும் பார்த்தேன். கேட்பவர் பாராட்டைக் காதில் வாங்காமல் 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்கிறார். பாராட்டும் குறையைப் போலவே குறிப்பாக இருந்தால் அந்தக் காத்திருப்பு நின்றுவிடும். எது பலித்தது என்று தெரிந்தால்தானே அதை மறுமுறை தெரிந்தே செய்ய முடியும்?

மூன்றாவது, தீர்ப்பாகச் சொல்லாமல் அனுபவமாகச் சொல்வது. 'நீங்கள் குழப்பிவிட்டீர்கள்' என்றால் சண்டை. 'அந்த இடத்தில் எனக்கு வழி தவறிவிட்டது' என்றால் உதவி. முன்னதை மறுக்கலாம், பின்னதை மறுக்க முடியாது, ஏனென்றால் வழி தவறியது உங்களுக்கு.

நான்காவது, பேச்சைப் பற்றிச் சொல்வது. பேசியவரையோ அவர் கொள்கையையோ பற்றி அல்ல. கடவுள் இல்லை என்று பேசியவருக்கு மதிப்பீடு செய்ய எழுந்த ஒரு பக்தர், "உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் இரண்டாவது உதாரணம் என்னை யோசிக்க வைத்தது. முதல் உதாரணம் வைக்கவில்லை. காரணம் சொல்கிறேன்" என்றார். இன்றைய நம் தொலைக்காட்சி விவாதங்களில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்க முடியுமா?

ஐந்தாவது, ஒன்றோ இரண்டோ போதும். பத்துக் குறைகளை அடுக்கினால் கேட்பவர் அத்தனையையும் விட்டுவிடுவார். அடுத்த முறை மாற்றிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

இந்த மதிப்பிடும் கலைக்கே தனிப் போட்டியும் உண்டு தெரியுமா? ஒருவர் மாதிரிப் பேச்சு ஒன்றைப் பேசுவார். போட்டியாளர்கள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய், ஐந்து நிமிடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்து அதே பேச்சை மதிப்பிட வேண்டும். கேட்பதற்குப் போட்டி வைத்திருக்கிறார்கள்! நம் பள்ளி ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று வைத்தால் எத்தனை அமைதியான பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெரிய அமைப்பில் முறைப்படி ஒரு மன்றம் தொடங்க இருபது உறுப்பினர்கள் வேண்டும், சந்தா உண்டு, விதிமுறைகள் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் விருந்தினராகப் போய் உட்கார்ந்து பாருங்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை. எட்டுப் பேர், ஒரு நூலக அறையோ மொட்டை மாடியோ, கைபேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரம், மூன்று வண்ண அட்டைகள் போதும். இருவர் பேசட்டும், இருவர் மதிப்பிடட்டும், ஒருவர் 'வந்து'வை எண்ணட்டும். ஒரே ஒரு விதியை மட்டும் தளர்த்த வேண்டாம்: நேரம் தவறாமல் தொடங்குவது, நேரம் தவறாமல் முடிப்பது. வாரம் தவறாமல் கூடுவது இயலாவிட்டால், மாதம் இருமுறையாவது கூடுங்கள். ஸ்மெட்லியின் முதல் குழுக்கள் அவர் ஊர் மாறியதும் அணைந்ததை மறக்க வேண்டாம். பொறுப்புகளைச் சுற்றி விட்டால்தான் ஒருவர் போனாலும் கூட்டம் நிலைக்கும்.

இனி, நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த இதழுக்கு வரும் கடிதங்களைப் படிப்பது என் வேலையில் இனிமையான பகுதி. அவற்றில் பெரும்பாலானவை இப்படி இருக்கும்: "அட்டைப்படம் அருமை. தலையங்கம் சிந்திக்க வைத்தது. சிறுகதை நெஞ்சைத் தொட்டது. துணுக்குகள் சுவை." உங்கள் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அஞ்சலட்டை வாங்கி எழுதி அனுப்புவது எளிய காரியமா? ஆனால் அதைப் படித்துவிட்டு மறுநாள் காலை அலுவலகத்தில் என்ன மாற்றுவது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. எழுதியவருக்கும் தெரிவதில்லை. முதல் கதை எழுதிய ஒருவருக்கு 'நெஞ்சைத் தொட்டது' என்ற வரியைவிட, 'மூன்றாவது பக்கத்தில் அக்கா கதவைச் சாத்தும் இடத்தில் நின்று மறுபடி படித்தேன். அதற்குப் பிந்தைய பத்தி வேண்டாமோ என்று தோன்றியது' என்ற வரி பல நாள் துணையாக இருக்கும்.

எனவே, ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தில் மூன்றே மூன்று விஷயங்களை எழுதுங்கள். இந்த இதழில் எந்த வரியை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டினீர்கள்? எந்த இடத்தில் இதழை மூடிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீர்கள்? அடுத்த இதழில் நாங்கள் மாற்றிப் பார்க்க வேண்டிய ஒன்று எது? வயது தடையில்லை, பள்ளிப் பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. கடிதங்களை வெளியிடும்போது, ஒவ்வொன்றின் கீழும் அதைப் படித்து நாங்கள் என்ன மாற்றினோம், அல்லது ஏன் மாற்றவில்லை என்று ஒரு வரி சேர்க்கிறோம். ஆசிரியர் குழுவில் எல்லோரும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார், அவரும் இப்போது பேனாவோடு தயாராக இருக்கிறார்.

இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். நீளம் என்று தோன்றியிருந்தால், எந்தப் பத்தியில் தோன்றியது என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்